ரூஜ் கழிமுகமும் நயாகராத் திராட்சைக் கரையும்: சைக்கிளில் ஓர் ஆறுதலான யாத்திரை

பிரான்ஸ் தேசத்திலே லுவார் நதிக்கரையை அணைந்து ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை கிடக்கிறது. நெவேர் நகரின் அயலிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரம் வரையில், பழைய அரண்மனைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கிராமச் சந்தைகளையும் தொட்டுச் செல்லும் அப்பாதையில், முதியோரும் சிறுவரும் குடும்பம் குடும்பமாகக் கோடைகாலத்தைக் கழிக்கிறார்கள். இதனைப் பத்திரிகைகளில் வாசித்துவிட்டு, அது நமக்கு எட்டாத சங்கதி என்று எண்ணிக்கொள்ளும் ரொறன்ரோவின் ரூஜ் பகுதித் தமிழர்க்கு, அதே இனத்தைச் சேர்ந்த யாத்திரை ஒன்று தம் வாசலிலேயே தொடங்கக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லவே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. விமானச் சீட்டு வேண்டியதில்லை. ரூஜ் ஹில் நிலையத்தில் ரயிலேறத் தெரிந்தாற் போதும்.

நயாகராவுக்கு நம்மவர் போகாமல் இல்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை வானில் ஏற்றிக்கொண்டுபோய், நீர்வீழ்ச்சியைக் காட்டி, படம் எடுத்து, கட்டிவந்த சோற்றைப் புற்றரையில் இருந்து உண்டு, அன்றிரவே திரும்பிவிடுவது நமது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆயினும் அவ்வளவு ஆரவாரத்தோடு வீழ்கின்ற தண்ணீர் அதன்பின் எங்கே செல்கிறது, எந்த நிலத்தை வளம்படுத்துகிறது, அந்நிலத்தில் யார் உழைக்கிறார்கள் என்று அதன் கரையோடு கூடச் சென்று பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே. காரின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். காற்று என்பது மரக்கிளை அசைவதைக் கொண்டு ஊகிக்கவேண்டிய விஷயம். சைக்கிளில் செல்பவரோ ஏற்றத்தைத் தொடையாலும், காற்றை நெஞ்சாலும், ஏரியின் குளிர்ச்சியைக் கன்னத்தாலும் அறிகிறார். ஓரிடத்தில் திராட்சைக்கொடி செழிப்பதும் செழியாமற் போவதும் பெரும்பாலும் இம்மூன்றையே பொறுத்திருப்பதால், அக்கொடியின் ஜாதகத்தைப் புத்தகம் இல்லாமலே கற்பதற்குச் சைக்கிளைப்போன்ற சாதனம் வேறில்லை என்பது என் துணிபு.

எனினும் நேரே நயாகராவுக்குப் புறப்படுவதை நான் ஆதரிக்கமாட்டேன். முதலில் ரூஜ் நதியிடம் சில காலைப்பொழுதுகள் பாடம் கேட்கவேண்டும். ரூஜ் என்ற பெயர் நம்மிற் பலருக்கு முதன்முதலில் தேர்தல் தொகுதியொன்றின் பெயராகவே காதில் விழுந்தது. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினராகத் தெரிவானது ஸ்காபரோ–ரூஜ் றிவர் தொகுதியிலிருந்துதான். அந்த நதியையோ அதன் கரைக்காட்டையோ காணாமல் அயலிலேயே இருபது வருஷம் வாழ்ந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. இன்று அக்காடு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா என்ற பெயரில், 2015ஆம் ஆண்டின் சட்டத்தால், மத்திய அரசின் காவலில் இருக்கிறது. கனடாவில் இவ்வகைப் பூங்காக்களுள் முதலாவது இதுவே. பரப்பு ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். மாநகரத்தின் எல்லைக்குள் இத்தனை பள்ளத்தாக்குகள் வீடு முளைக்காமல் எஞ்சியிருப்பதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. 1954 ஒக்ரோபரில் வீசிய ஹேசல் சூறாவளியில் ஆறுகள் பெருகி, ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலுமாக 81 பேர் மாண்டனர். அதன்பின்னரே வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் மனைகட்டுவதைத் தடுத்து, அவற்றைப் பொதுநிலமாக்கும் முயற்சி வலுப்பெற்றது.

ரூஜில் முதற் பாடம் சரிவு. பூங்காவின் உட்புறத்துக் காட்டுப்பாதைகளிற் பல காலால் நடப்பவர்க்கே உரியவை. பலகையைப் பார்த்து, அனுமதி இல்லாத இடத்தில் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டு நடப்பதே முறை. முற்காலத்தில் கப்பற் பாய்மரத்துக்காக நெடிய பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற தடத்தில் அமைந்த மாஸ்ற் பாதை அவ்வாறு நடக்கவேண்டியவற்றுள் முதன்மையானது. சைக்கிளுக்கு உரியவை வீதிகளே. ருவின் றிவேர்ஸ் வீதி பள்ளத்தாக்கினுள் குத்தென இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி குத்தென ஏறுகிறது. ஒடுக்கமான வீதியாகையால் வாகன நடமாட்டம் குறைந்த ஞாயிறு அதிகாலையில் மட்டுமே அங்கே செல்லலாம். ஏறமுடியாத இடத்தில் இறங்கி உருட்டிச்செல்ல வெட்கப்படவேண்டாம். ஏற்றத்தைக் கண்டவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதைவிட, ஏற்றம் தொடங்கும் முன்பே இலேசான கியருக்கு மாற்றி, பேச்சுத் தடைப்படாத வேகத்தில் மிதிப்பதே இந்த யாத்திரை முழுமைக்கும் உரிய விதி. பேச முடியவில்லையானால் வேகம் மிஞ்சிவிட்டது என்று கொள்க.

இரண்டாவது பாடம் காற்று. லோறன்ஸ் வீதி கிழக்கே முடிகின்ற இடத்தில், சதுப்பு நிலத்தின் நாணற் காட்டை ஒரு புறமும் ஒன்ராறியோ ஏரியை மறு புறமும் வைத்துக்கொண்டு, ரூஜ் நதி கடலொத்த ஏரியிற் கலக்கிறது. அங்கிருந்து மேற்கே போர்ட் யூனியன் கரைப்பூங்கா வழியாக ஹைலண்ட் கிறீக் ஓடையின் வாய் வரையில் ஏரிக்கரைப் பாதை சமதளமாகச் செல்வதால், நெடுநாள் சைக்கிளைத் தொடாதவர்கள் மீளத் தொடங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் ஸ்காபரோவில் இல்லை. கிழக்கே போவதானால் கழிமுகப் பாலத்தைக் கடந்து பிக்கரிங் கரையில் ஏறி, பெற்றிக்கோற் கிறீக் வழியாகப் பிரெஞ்சுமன் விரிகுடாவை ஒரு காலைப்பொழுதில் எட்டலாம். கரையரிப்பினாலும் திருத்தவேலையினாலும் பாதையின் சில கூறுகள் இடையிடையே மூடப்படுவதால், மாற்றுவழி காட்டும் பலகைகளைக் கவனிக்க. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வீசும். ஆகவே உடலில் தென்பிருக்கும் காலையில் எதிர்காற்றில் மேற்கே சென்று, களைத்த பின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புமாறு பிரயாணத்தை வகுப்பவர் புத்திசாலி.

பிரெஞ்சுமன் விரிகுடாவுக்கு அப்பெயர் வரக் காரணமானவரும் அவசரமில்லாத ஒரு பிரயாணிதான். 1669ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ரூஜ் நதிக்கரையில் செனெக்கா மக்கள் வாழ்ந்த கனற்செக்வயாகொன் என்னும் ஊருக்கு பெனெலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வந்து, 1670இன் வசந்தம்வரை அவர்களிடையே தங்கினார். அந்த ஊரின் சுவடுகள் உள்ள பீட் ஹில் இன்று தேசிய வரலாற்றுத் தலமாகக் காக்கப்படுகிறது. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒன்ராறியோ ஏரியிலிருந்து வடக்கே சிம்கோ ஏரிக்கு ஓடங்களைத் தோளிற் சுமந்து செல்லும் பூர்வகுடிகளின் பெருவழியின் ஒரு கிளை இந்த ரூஜ் நதியோரமாகவே சென்றது.

இவ்விரு பாடங்களும் கைவந்தபின் நயாகராவுக்குப் புறப்படலாம். காலம் எதுவெனில், வைகாசி முதல் ஐப்பசி வரை எப்போதும் தகும். ஆயினும் செப்ரெம்பரின் இரண்டாம் பாதியே என் தெரிவு. அப்போது உஷ்ணம் தணிந்திருக்கும். கொடிகளிற் குலை முற்றித் தொங்கும். கோடைக் கூட்டமும் கலைந்திருக்கும். பழப்பிரியர்கள் செரிக்கு ஜூலையிலும் பீச்சுக்கு ஓகஸ்ற்றிலும் போகலாம்.

சைக்கிள் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. நிமிர்ந்திருந்து ஓட்டக்கூடியதாய், சற்று அகன்ற டயர் உடையதாய், பல கியர்கள் கொண்டதாய் இருந்தால் போதும். சேலையோ சுடிதாரோ அணிபவர்க்கும், காலைத் தூக்கிப்போடச் சிரமப்படும் முதியோர்க்கும் நடுச்சட்டம் தாழ்ந்த வண்டியே சௌகரியம். சீற்றின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றுண்டு: சீற்றில் இருந்தபடி குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் முழங்கால் நேராக நிமிரவேண்டும். அதற்குக் குறைந்தால் மூட்டு நோகும். நம்மவரின் முழங்கால் முறைப்பாடுகளிற் பாதிக்கு இதுவே காரணம். காற்றின் அளவு டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். மேலதிக டியூப் ஒன்று, கைப்பம்பு ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டுப்போடும் சாமான்கள் ஆகியவை இல்லாமல் புறப்படவே கூடாது. யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் துவிச்சக்கர வண்டியொன்றிலே மூட்டையும் முதியவரும் குழந்தையுமாய் ஊரையே நகர்த்திய தலைமுறைக்கு ஒட்டுப்போடக் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வித்தையைக் கையளிக்க இது நல்ல சந்தர்ப்பம். மணியும் விளக்கும் ஒன்ராறியோவில் சட்டப்படி வேண்டியவை. தலைக்கவசம் 18 வயதுக்கு உட்பட்டோர்க்கே கட்டாயம் என்றாலும் எல்லோரும் அணிக. உணவுக்கு ரோல்ஸும் வடையும் ஸ்காபரோக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அவற்றைவிட முக்கியம், தேசிக்காய் பிழிந்து உப்பிட்ட தண்ணீர்.

ரூஜ் ஹில்லில் ஏறி, யூனியன் நிலையத்தில் மாறி, நயாகரா போல்ஸ் ரயிலைப் பிடிக்கவேண்டும். வார நாட்களில் சனநெருக்கடி நேரத்தில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். கோடைக்கால வார இறுதிகளில் நயாகரா ரயிலில் சைக்கிளுக்கென்றே தனிப்பெட்டி இணைக்கப்படுவதுண்டு. அவ்வாண்டுக்குரிய கால அட்டவணையைப் புறப்படும் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுதல் அவசியம். யூனியனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். சனிக்கிழமை சென்று, நயாகரா-ஒன்-த-லேக் என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கி, ஞாயிறு திரும்புவது சாலச் சிறந்தது. கோடையில் தங்குமிடம் விலையேறும் என்பதால் முற்கூட்டியே பதிவுசெய்க.

ரயில் நிலையம் நீர்வீழ்ச்சிக்கு வடக்கே, நயாகரா ஆற்றுக்கு அண்மையிலேயே இருக்கிறது. இந்நதி ஈரி ஏரியிலிருந்து வடக்கு நோக்கி ஒன்ராறியோ ஏரிக்குப் பாய்வதால், நீரோட்டத்தின் திசையிலேயே நாமும் வடக்கே செல்கிறோம். ஊர் வரையிலான தூரம் இருபது கிலோமீற்றருக்குச் சற்றே கூடுதல். இதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், முடிக்கக்கூடாது. முழு நாளையும் கொடுக்கவேண்டும். ஆறு இங்கே ஆழ்ந்த மலையிடுக்கினுள் ஓடுகிறது. பாதையோ அதன் மேல்விளிம்பில், பெரும்பாலும் வாகன வீதியினின்று பிரிந்து செல்கிறது. சுழல்நீர்க் குடாவுக்கு மேலே 1916 முதல் தொங்கிச் செல்லும் கம்பிவடக் கூண்டு, ஸ்பானிய எந்திர அறிஞர் லியொனார்டோ தொறேஸ் கெவேடோவின் கைவண்ணம். அப்பால் தாவரவியற் பூங்காவும், சேர் அடம் பெக் மின்னிலையங்களும், மலர்க் கடிகாரமும் வரிசையாய் வரும்.

குவீன்ஸ்ற்றன் மேட்டில் கட்டாயம் இறங்கி உட்காருங்கள். நயாகராச் சரிவு என்னும் நெடிய பாறைப்படி இங்கேதான் திடுமென அறுந்து விழுகிறது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் நீர்வீழ்ச்சி இந்த இடத்திலேயே இருந்தது. மேலே கடினமான பாறையும் கீழே மென்மையான களிப்பாறையும் இருந்ததால், நீர் அடிப்பாறையைக் குடைய மேற்பாறை உடைந்து விழ, அருவி படிப்படியாகப் பின்வாங்கிப் பதினொரு கிலோமீற்றர் தெற்கே போய்விட்டது. நாம் அதுவரை ஓரமாகக் கடந்துவந்த மலையிடுக்கு முழுவதும் அருவி பின்வாங்கிய அடிச்சுவடு. இங்கே 1812 ஒக்ரோபர் 13இல் நடந்த போரில் பிரித்தானியத் தளபதி ஐசக் புறொக் வீழ்ந்தார். அவர் தூண் வெகுதூரத்திலிருந்தே தெரியும். அதே போரில் வெற்றிக்கு வழிசெய்த ‘ஆறு தேசங்கள்’ என்னும் பூர்வகுடிக் கூட்டமைப்பின் வீரர்களுக்கு நினைவிடம் அமைந்தது 2016இல்தான். இரண்டையும் பார்க்கவேண்டும்.

மேட்டிலிருந்து இறக்கம் நீண்டது, செங்குத்தானது. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி தலைகுப்புற வீழும். இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்குக. அடிவாரத்தை எட்டியதும் இடுக்குக் காற்றின் குளிர் விலகி, இதமான வெதுவெதுப்பு முகத்தில் படுவதை உணரலாம். அங்கேதான் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன.

இனிக் காரணம் எளிதில் விளங்கும். கோடை முழுவதும் உஷ்ணத்தைச் சேமித்த ஒன்ராறியோ ஏரி அதை இலையுதிர்காலத்தில் மெல்ல மெல்ல வெளியிடுவதால் முதலுறைபனி தாமதமாகிறது. வசந்தத்திலோ ஏரி இன்னும் குளிர்ந்திருப்பதால் கொடி அவசரப்பட்டுத் துளிர்க்காமல், பின்பனிக்குத் தப்புகிறது. பாறைச்சரிவு ஏரிக்காற்றைத் தடுத்துத் திருப்பிக் கீழ்நிலத்திலேயே சுழலவிடுகிறது. ரூஜ் கழிமுகத்தில் நாம் நெஞ்சில் வாங்கிய அதே ஏரியின் காற்றுத்தான் இங்கே பழத்தைப் பழுக்கவைக்கிறது. ஆற்றோரமாய் உள்ள இந்தத் துண்டு நிலத்துக்கு ஒன்ராறியோ வைன் விதிகளின்படி ‘நயாகரா ஆறு’ என்றே தனிப் பெயருண்டு. ரீஸ்லிங், ஷார்தொனே, லுவார்க் கரையின் பிரசித்தமான செந்திராட்சையாகிய கபர்னே பிரான் ஆகியவை இங்கே விளைகின்றன.

கோப்பாய், நீர்வேலிப் பக்கத்து முந்திரிகைப் பந்தல்களைக் கண்டவர்க்கும், கம்பம் பள்ளத்தாக்கை அறிந்தவர்க்கும் இத்தோட்டங்கள் வியப்பைத் தரும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் 1832இல் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது கம்பத்தில் பந்தலின்மேற் படர்ந்து, ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். அங்கே கொடிக்கு உறக்கமில்லை. இங்கோ கொடி பனிக்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கி எழவேண்டும். சாய்ந்து வரும் வெயிலை வாங்குவதற்காகப் பந்தலுக்குப் பதிலாகக் கம்பி வரிசையில் சுவர்போல் நிமிர்த்திக் கட்டுகிறார்கள். ஒரே செடியை இரண்டு சீதோஷ்ணங்கள் இவ்வாறு இருவேறு விதமாக வளர்க்கும் விந்தையைச் சாவகாசமாக இறங்கி நின்று பார்க்கவேண்டும். தோட்டத்துள் அனுமதியின்றிக் கால்வைக்காமல், வேலியோரம் நின்றே பார்க்கலாம்.

டொனால்ட் சிரால்டோவும் கார்ல் கைசரும் 1975இல் தொடங்கிய இன்னிஸ்கிலின் வைன் ஆலை இந்த ஆற்றோர வீதியிலேயே இருக்கிறது. 1929க்குப் பிறகு ஒன்ராறியோவில் வழங்கப்பட்ட முதல் வைன் உரிமம் அவர்களுடையது. கொடியிலேயே உறைந்த பழத்தை, குளிர் சுழியத்துக்குக் கீழே 8 பாகை செல்சியஸுக்கு இறங்கிய பின்னரே பறித்து, உறைந்தபடியே பிழிந்தால் தண்ணீர் பனிக்கட்டியாய்த் தங்கிவிட, தேன்போன்ற சாறு மட்டும் சொட்டும். அதுவே ஐஸ் வைன். 1989ஆம் ஆண்டின் விளைச்சலில் அவர்கள் செய்த ஐஸ் வைன், 1991இல் பிரான்ஸின் போர்தோ நகரத்துக் கண்காட்சியில் உயர்ந்த பரிசைப் பெற்றது. சுவைத்துப் பார்க்க விரும்பும் 19 வயது நிரம்பியவர்கள், அதனை அன்றைய ஓட்டம் முடிந்து, தங்குமிடத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் வைத்துக்கொள்வதே உசிதம். போத்தல் வாங்கினால் கரியரின் இரு பைகளிலும் பாரத்தைச் சமமாகப் பகிர்க. மது தொடாதவர்க்கும் இவ்வீதியில் குறைவில்லை: ஓரக் கடைகளில் பருவப் பழங்கள் கூடை கூடையாய்க் கிடைக்கும்.

பழம் பறிப்பவர்களைக் காணாமல் போகாதீர்கள். 1966இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் ஜமேக்காவிலிருந்தும், பின்னர் மெக்சிக்கோவிலிருந்தும் ஆண்டுதோறும் வந்து, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்காக உழைக்கும் அவர்களே இத்தோட்டங்களின் கை. மாலையில் கடைக்குச் சாமான் வாங்க அவர்களும் சைக்கிளிலேயே வருவார்கள். பொழுதுபோக்காகச் செல்லும் நாம் கூட்டமாக வீதியை அடைத்துக்கொண்டு போகாமல், ஒற்றை வரிசையில் ஒதுங்கி, அவர்களுக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொல்லுதல் மரியாதை. இந்த ஆற்றங்கரையில் உழைப்பின் சரித்திரம் மிகக் கசப்பானது. 1793 மார்ச்சில் குளோயி கூலி என்ற அடிமைப்பெண் குவீன்ஸ்ற்றனருகே கட்டப்பட்டு, அவள் கதறக் கதற ஓடத்தில் அக்கரைக்குக் கொண்டுபோய் விற்கப்பட்டாள். கண்டவர்கள் சென்று முறையிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், அன்றைய மாகாணத் தலைநகராகிய நயாகரா-ஒன்-த-லேக்கில், அடிமைமுறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. அவளை நினைவுகூரும் பலகை வீதியோரத்தில் நிற்கிறது. அங்கே கட்டாயம் நில்லுங்கள்.

மறுநாள் வந்த வழியே திரும்பினால் குவீன்ஸ்ற்றன் ஏற்றம் எதிரே நிற்கும். முழங்கால் இடங்கொடுப்பவர் உருட்டியேனும் ஏறட்டும். மற்றவர்கள் ஏரிக்கரை வீதியில் மேற்கே, பழத்தோட்டங்களிடையே சமநிலத்திற் சென்று வெலன்ட் கால்வாயை அடைக. 1932இல் முறைப்படி திறக்கப்பட்ட இக்கால்வாய், எட்டு நீர்ப்பூட்டுகளின் உதவியால் பெருங்கப்பல்களை ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்துக்குத் தூக்கி, நீர்வீழ்ச்சியைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. கால்வாயோரமே சைக்கிள் பாதை உண்டு. மூன்றாம் பூட்டில் மேடையேறி நின்றால், கப்பலொன்று தண்ணீரோடு தண்ணீராய் உயர்வதை மிக அருகிற் பார்க்கலாம். கப்பல் வரும் நேரம் அங்கே அறிவிக்கப்பட்டிருக்கும். சிறுவர் உடன் வந்தால் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குக. அங்கிருந்து செயின்ற் கத்தரீன்ஸ் ரயில் நிலையம் நகரின் மேற்குப் பக்கத்தில் இருப்பதால் ஊரைக் கடக்கவேண்டும். டயர் பழுதானாலும் கப்பல் தாமதித்தாலும் மனம் பதறாதிருக்க, கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்திய ரயிலுக்கே நேரம் வகுத்துக்கொள்க.